வெள்ள வாரத்து அளவுகள்

துவாக்குடி ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி நானூற்றுப் பன்னிரண்டு காலடி நடந்தால் எங்கள் சோதனைச்சாலையின் கேட். கேட்டிலிருந்து கொல்லைப்புற அறைக்கு இன்னும் நூற்று அறுபது. மழை நாளில் தேங்கிய தண்ணீரைச் சுற்றிப் போக வேண்டியிருப்பதால் நூற்று எழுபத்தைந்து வரை ஆகும். எழுபதுகளின் நடுவில் தொடங்கிப் பதினோரு வருஷம் அந்த வழியில் நடந்தேன். எனக்கு இப்போது எண்பத்து மூன்று வயது. காலை மாத்திரையைப் போட்டேனா என்று மருமகளிடம் இரண்டு முறை கேட்கிறேன். அந்த அறைக்குள் இருந்தவற்றின் எண்ணிக்கை மட்டும் ஒன்றுகூட மறக்கவில்லை.

அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவுகள் இரண்டு, ஒன்றுக்குப் பின் ஒன்றாக. வெளிக்கதவைச் சாத்திய பிறகுதான் உள்கதவைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளிச் சூடு உள்ளே புகுந்துவிடும். இரண்டு கதவுகளுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம். அங்கே விளக்கு இல்லை. உள்ளே ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்கும், எப்போதும் இருபத்தேழு டிகிரி. ஆறு இரும்புச் சட்டங்களில் ஆறு கான்கிரீட் உருளைகள், கனத்த ஸ்பிரிங்குகளுக்கு அடியில் இறுக்கப்பட்டு நின்றன. சுவரோரம் இன்னும் மூன்று உருளைகள், ஒப்பிட்டுப் பார்க்க, எந்தச் சுமையும் இல்லாமல் நின்றன. மொத்தம் ஒன்பது. ஒவ்வொன்றும் என் இடுப்பு உயரத்துக்குச் சற்றுக் குறைவு.

கிழக்குக் கடற்கரையில் அப்போது ஓர் அணுமின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்தது. உலை இருக்கும் கட்டடத்தின் சுவருக்குள் எஃகு வடங்களை விட்டு இழுத்துக் கட்டுவார்கள். அந்த இறுக்கம்தான் சுவரின் பலம். ஆனால் கான்கிரீட் பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் கல் அல்ல. இறுக்கத்தில் அது வருஷக்கணக்கில் கண்ணுக்குத் தெரியாமல் குறுகிக்கொண்டே போகும். சுவர் குறுகினால் வடம் தளரும். முப்பது வருஷம் கழித்து எவ்வளவு இறுக்கம் மிச்சமிருக்கும் என்பதைச் சுவரை உடைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதே கல், அதே மணல், அதே சிமெண்டில் வார்த்த உருளைகளை ஓர் அறையில் இறுக்கி வைத்து, அவை எப்படி மூப்படைகின்றன என்று அளந்துகொண்டே இருக்க வேண்டும். அளப்பது என் வேலை.

ஒவ்வோர் உருளையிலும் மூன்று இடங்களில், மேலும் கீழுமாக, சட்டைப் பொத்தானைவிடச் சிறிய எஃகு வில்லைகளை ஒட்டியிருந்தோம். பொட்டு என்று சொல்வோம். இரண்டு ஊசிமுனைகள் உள்ள கருவியை மேல் பொட்டிலும் கீழ்ப் பொட்டிலும் வைத்து அழுத்தினால் அதன் வட்ட முகப்பில் முள் ஒரு கோட்டில் வந்து நிற்கும். உருளை குறுகக் குறுக முள் ஏறும். ஒன்பது உருளை, மூன்று இடம், இருபத்தேழு அளவுகள். முதல் மூன்று வருஷம் தினமும், பிறகு வாரம் ஒரு முறை. தினமும் எடுத்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் முதல் பூசை முடிந்ததும் பாலக்கரையில் பஸ் ஏறி வந்து எடுத்துவிட்டுத் திரும்புவேன்.

இதில் ஒரு நியதி உண்டு. அளக்கிற கை ஒரே கையாக இருக்க வேண்டும். ஒருவர் கருவியை மென்மையாக வைப்பார், இன்னொருவர் சற்று அழுத்துவார், முள் மாறிவிடும். அதற்காகவே சூட்டுக்கும் குளிருக்கும் நீளம் மாறாத ஓர் உலோகக் கம்பி வைத்திருந்தோம். தினமும் முதலில் அதை அளந்து, கை நேற்றைய கைதானா என்று பார்த்துக்கொண்டுதான் உருளைகளைத் தொட வேண்டும். எனக்கு உடம்புக்கு முடியாத நாளுக்கென்று மாற்று ஆள் ஒருவரைக் குறித்திருந்தார்கள். அவருடைய கை என் கையைவிட இரண்டு கோடு கூடுதல் என்று ரெஜிஸ்டரின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது.

அவர் ஸ்ரீரங்கத்துக்காரர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். நெற்றியில் திருமண், வாயில் எப்போதும் ஒரு கேலி. என்னை ‘ஓய்’ என்பார், நான் அவரைச் ‘சாமி’ என்பேன். உங்க சர்ச்சுல நிஜச் சாமியாரே இருக்கச்சே என்னை எதுக்கு ஓய் சாமிங்கறீர் என்று ஒரு முறை கேட்டார். பத்து வருஷத்துக்கு மேல் ஒரே பஸ்ஸில் ஊருக்குள் வருவோம். நான் பாலக்கரையில் இறங்கிக்கொள்வேன். அவர் சத்திரம் பஸ் ஸ்டாண்டு போய் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போவார்.

இரண்டாவது வருஷம் ஐப்பசியில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. முப்பத்தாறு நாள் படுக்கை. கீழாநெல்லியை மோரில் அரைத்துக் குடித்துக்கொண்டு, அறையில் அந்த ஒன்பதும் என்ன செய்கின்றனவோ என்று கவலைப்பட்டுக்கொண்டு கிடந்தேன். அவர்தான் எனக்குப் பதில் அளந்தார். நான்காவது வாரம் வெள்ளம் வந்தது. எங்கள் வீட்டு வாசலில் ஐந்து படிகள், அதில் மூன்று தண்ணீருக்குள் போயின. ஸ்ரீரங்கம் தனித் தீவாகிவிட்டது என்றார்கள். கரண்ட் இல்லை, பஸ் இல்லை. எங்கள் சோதனைச்சாலைக்கும் விடுமுறை விட்டுவிட்டார்கள். வாட்ச்மேன்கூடத் தன் வீடு மூழ்குகிறது என்று பூட்டிவிட்டுப் போய்விட்டார்.

தண்ணீர் வடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது மாதக் கடைசி. அன்றன்றைய அளவுகளைப் பென்சிலில் ஒரு நோட்டில் எழுதுவோம். மாதக் கடைசியில் அதை நான் மையில் ரெஜிஸ்டருக்கு மாற்றி எழுதி, எந்த நாளை யார் அளந்தாரோ அவருடைய இனிஷியலை ஓரத்தில் போட்டு, ஒரு நகலைக் கடற்கரை நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். வருஷம் முடிந்தால் பென்சில் நோட்டை எரித்துவிடுவது வழக்கம். அன்று நோட்டைத் திறந்தால் ஏழு நாள் இல்லை. குறுக்கே ஒரு கோடு இழுத்து, ‘வெள்ளம், வர இயலவில்லை’ என்று அவர் எழுதியிருந்தார்.

அதை அப்படியே ரெஜிஸ்டரில் எழுதியிருந்தால் ஒருவரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். என்னால் முடியவில்லை. அதுவரை நானூற்று முப்பது நாள், ஒரு கட்டம்கூட வெறுமையாக இருந்ததில்லை. நான் படுத்துக் கிடந்ததால்தான் அந்த ஓட்டை விழுந்தது என்று ஒரு எண்ணம். வெள்ளத்துக்கு முந்தைய நாள் அளவு தெரியும். கரண்ட் வந்து அவர் மறுபடி எடுத்த அளவும் தெரியும். இரண்டையும் வரைபடத் தாளில் வைத்துப் பார்த்தேன். நடுவில் எப்படிப் போயிருக்கும் என்பது எனக்குத் தெரியாதா?

சாப்பாட்டு நேரம் முடிந்து உட்கார்ந்தவன் நாலரை மணிக்குள் நூற்று எண்பத்தொன்பது எண்களை எழுதி முடித்தேன். ரொம்பவும் ஒழுங்காக இருந்தால் சந்தேகம் வரும் என்று, சட்டைப் பையில் கிடந்த பஸ் டிக்கெட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டேன். டிக்கெட்டின் கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஒரு கோடு கூட்டினேன், இரட்டைப்படை என்றால் குறைத்தேன். அந்த நாட்களில் நான் வேலையில் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே ஒவ்வோர் எண்ணிலும் அவருடைய கையின் இரண்டு கோட்டையும் சேர்த்துப் போட்டேன். ஓரத்தில் அவருடைய இனிஷியலை எழுதினேன். ஒருவருடைய கையெழுத்தைப் போலி செய்வது குற்றம் என்று எனக்குத் தெரியும். கையின் கனத்தைப் போலி செய்ததற்கு என்ன பெயர் என்று அன்று யோசிக்கவில்லை.

நிரம்பிய தாளைப் பார்த்துக் கேள்வி கேட்பவர்கள் குறைவு. எங்கள் தலைவர் அடுத்த கூட்டத்தில் அவரைப் பாராட்டியே பேசிவிட்டார். வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு சோதனைச்சாலையிலேயே தங்கி, ஒரு நாள் விடாமல் அளவெடுத்திருக்கிறார் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அவர் தலைவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

கூட்டம் முடிந்ததும் டீக்கடைக்குக் கூட்டிப் போனார்.

“நான் எப்ப ஓய் வந்தேன்? பெருமாளோட கருடன்ல தொத்திண்டா?”

“ஏழு நாள் வெறுமையா இருந்துச்சு சாமி. அனுப்பற நாள் வந்துடுச்சு.”

“ரெஜிஸ்டரைப் பார்த்தேன். என் கையோட ரெண்டு கோட்டையும் சேர்த்தே போட்டிருக்கீர்.” கொஞ்ச நேரம் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். பிறகு சிரித்துவிட்டார். “எங்காத்துக்காரிகூட என்னை இவ்வளவு கவனிச்சதில்லை.”

தலைவரிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். இத்தனை பேர் கை தட்டின பிறகா, வேண்டாம், விட்டுத் தள்ளும் என்றார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. ஆனால் ஆபீசில் அவருக்கு ‘வெள்ளத்துல தங்கினவர்’ என்று பெயர் வந்துவிட்டது. புதிதாக வந்தவர்களிடம் அந்தக் கதையைச் சொல்லி வைப்பார்கள். கதையில் தண்ணீர் வருஷத்துக்கு வருஷம் ஏறியது. முழங்கால் அளவு, இடுப்பு அளவு, கழுத்து அளவு. அவர் மறுத்ததும் இல்லை, ஆமென்று சொன்னதும் இல்லை.

ஏழு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. கடற்கரையில் கட்டடம் முடிந்து, மின்சாரம் எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒன்பதாவது வருஷம், அந்தக் கட்டடத்தின் கான்கிரீட் எப்படி மூப்படைகிறது என்று மதிப்பிடும் வேலையைத் தொடங்கினார்கள். சுவருக்குள் புதைத்த கருவிகள் சொல்வதையும் எங்கள் உருளைகள் சொல்வதையும் ஒப்பிட ஓர் அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர், முப்பத்தைந்து வயது இருக்கும். மூன்று நாள் ரெஜிஸ்டரோடு உட்கார்ந்தார். மூன்றாம் நாள் காலை, அறையின் சூட்டைப் பதியும் தாள்கள் எங்கே என்று கேட்டார்.

அந்தக் கருவி எனக்குத் தெரியும். அறையின் மூலையில் கடிகாரம் போல் ஒரு டப்பா. உள்ளே ஒரு தாள் சுழலும், ஒரு பேனா முனை அதில் சூட்டைக் கோடாக வரையும். சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும். கரண்ட் வேண்டாம். அது ஏ.சி. மெக்கானிக்கின் பொறுப்பு, தாள்கள் அவருடைய அலமாரியில் கிடந்தன. அந்த அலமாரியை நான் ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. வெள்ளத்துக்கு முந்தைய நாள் மெக்கானிக் தாள் மாற்றி, சாவி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆளில்லாத அறையில், இருட்டில், அந்தப் பேனா வரைந்துகொண்டே இருந்திருக்கிறது.

தலைவர் அறைக்கு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். மேஜையில் ரெஜிஸ்டரும் பக்கத்தில் அந்தத் தாளும். பார்த்த கணத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. கோடு முதல் நாள் இருபத்தேழில் இருந்து கிளம்பி முப்பத்தொன்றுக்கு ஏறி, கடைசி நாள்தான் இறங்கியிருந்தது. நாலு டிகிரி சூடு ஏறினால் கான்கிரீட் நீளும். முள் ஐந்து கோடாவது இறங்கியிருக்க வேண்டும். என் எண்கள் ஏறிக்கொண்டே இருந்தன. கரண்ட் போய்விட்டது, ஏ.சி. நின்றுவிட்டது என்பது படுக்கையில் கிடந்த எனக்கே தெரியும். வீட்டில் விசிறி சுற்றாமல் புழுங்கியதற்கு நானே புலம்பியிருக்கிறேன். ஆனால் எழுத உட்கார்ந்தபோது அந்த அறை மட்டும் வெள்ளத்துக்கு வெளியே இருந்ததைப் போல எழுதிவிட்டேன்.

அதிகாரி குரலை உயர்த்தவில்லை. “சார், ரூம் முப்பத்தொண்ணுக்குப் போயிருக்கு. ரீடிங்குக்கு அது தெரியவே இல்லை. இந்த ஏழு நாளும் யாரோ உட்கார்ந்து எழுதினது.”

தலைவர் ஓரத்து இனிஷியலைப் பார்த்தார். அதிகாரி பிறகு சொன்னதைத்தான் நான் எத்தனையோ தடவை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். மாற்று ஆள் எழுதியிருந்தால் அந்த ஏழு வரிகளை அடித்துவிடலாம், மீதி எல்லாம் வேறு கை, நம்பி எடுத்துக்கொள்ளலாம் என்றார். “ஆனா வழக்கமா எடுக்கிறவரே எழுதியிருந்தார்னா, இந்த ரெஜிஸ்டர்ல ஒரு வரியைக்கூட நான் தொட முடியாது.”

என் ஒன்பது வருஷம். நிலையத்துக்கும் அது வேறெங்கும் கிடைக்காத ஒன்பது வருஷம். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த குரல் கேட்டது.

“நான்தான் சார் எழுதினேன். வெள்ளம். வர முடியலை. வெறுமையா விட மனசு வரலை.”

என் காரணத்தையே எடுத்துச் சொன்னார். சுவர்க் கடிகாரத்தின் வினாடி முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினான்கு வினாடி. அதற்குள் பேசியிருக்கலாம். பதினைந்தாவது வினாடியில் தலைவர் மணியை அழுத்தி டைப்பிஸ்ட்டைக் கூப்பிட்டுவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். பால்பண்ணை தாண்டியதும், நான் நாளைக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று ஆரம்பித்தேன்.

“ஏழு நாளுக்காக ஒன்பது வருஷத்தைக் கொளுத்தச் சொல்றீரா? கை தட்டினப்போ சும்மா இருந்தேனோல்லியோ, அதுக்கு இது. பேசாம இரும்.”

பேசாமல் இருந்தேன். சிவப்பு மையில் ஏழு வரிகளை அடித்தார்கள். அவரை அளவெடுக்கும் பொறுப்பிலிருந்து நீக்கி, சிமெண்ட் கிடங்குக்கு மாற்றினார்கள். அடுத்த மூத்த உதவியாளர் பதவி அவருக்கு வர வேண்டியது. அது அவருக்கு இளையவர் ஒருவருக்குப் போயிற்று. வெள்ளத்தில் தங்கியவர் கதையைச் சொல்லிச் சிரித்த அதே ஆட்கள் இப்போது கிடங்கு வாசலில் நின்று, “சாமி, இன்னைக்கு இருக்கிற மூட்டை எண்ணினதா, எழுதினதா?” என்று கேட்பார்கள். அவரும் சிரிப்பார். முதல் வருஷத்தில் என் காதில் விழுந்தது மட்டும் நாற்பத்து மூன்று தடவை.

நான் அந்த அறைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வாரம் ஒரு முறை, புதன்கிழமை. வெளிக்கதவைச் சாத்திவிட்டு உள்கதவைத் திறப்பதற்கு முன் அந்த இருட்டில் நிற்கும்போது, உள்ளே யாரோ எனக்கு முன்பே வந்து அளந்துகொண்டிருக்கிறார் என்று தோன்ற ஆரம்பித்தது. கதவைத் திறந்தால் ஒன்பது உருளைகள்தான் நிற்கும். ஒருநாள் அவற்றைப் பத்து என்று எண்ணினேன். வெளியே போய்த் திரும்பி வந்து எண்ணினேன், ஒன்பது. வீட்டு இலக்கங்களிலும் பஸ் டிக்கெட்டிலும் நான் எழுதிய எண்கள் வரத் தொடங்கின. டிக்கெட்டைப் பார்க்காமலே மடித்துப் பையில் போட்டுக்கொள்வேன்.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிப் பார்த்தேன். சில எண்களை மாற்றி எழுதினேன், பழி இன்னொருவர் மேல் விழுந்தது என்றேன். வரிசையில் எனக்குப் பின்னால் பதினோரு பேர். சாமியார் ஆபீஸ் விஷயம் என்று நினைத்திருக்க வேண்டும். முடிந்தால் அவரிடம் மன்னிப்புக் கேள் என்று சொல்லி, அருள் நிறைந்த மரியே மூன்று சொல்லச் சொன்னார். நான் முப்பது சொன்னேன்.

பதினோராவது வருஷக் கடைசியில் ஒரு புதன்கிழமை, வழக்கம் போல் அந்தக் கம்பியை முதலில் அளந்தேன். முள் இரண்டு கோடு கூடுதலாக நின்றது. கருவியை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தேன். அதே இரண்டு கோடு. ஊசிமுனை தேய்ந்திருக்கும் என்று புது முனை போட்டேன். அன்று ஐம்பது தடவை அளந்ததில் நாற்பத்தேழு தடவை இரண்டு கோடு கூடுதல். வயதாகிறது, மணிக்கட்டு கனக்கிறது, அவ்வளவுதான் என்று யாரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த இரண்டு கோட்டை நான் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து நூற்று எண்பத்தொன்பது தடவை எழுதியிருக்கிறேன். அவர் கிடங்கில் மூட்டை எண்ணிக்கொண்டிருக்கிறார், அவர் கை இங்கே என் கைக்குள் உட்கார்ந்து அளக்கிறது என்று தோன்றியது. கருவியைப் பெட்டியில் வைக்கும்போது என் கை என்னுடையதுதானா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

நியதிப்படி கை மாறினால் முதல் பக்கத்தில் எழுத வேண்டும். பேனாவைத் திறந்தேன். கை மாற்றம் என்று எழுதத் தொடங்கினால் எது எங்கே மாறியது என்பதை எல்லாம் எழுத வேண்டும் என்று பட்டது. ரெஜிஸ்டரை மூடிவிட்டு, இரண்டு முழுத்தாளில் அந்த அதிகாரிக்குக் கடிதம் எழுதினேன். வெள்ள வாரத்தை எழுதியது நான், எப்படி எழுதினேன், பஸ் டிக்கெட் உட்பட. ஒரு நகலைத் தலைவரிடம் கொடுத்தேன். தலைவர் படித்துவிட்டு, ஓய்வு பெற இன்னும் எத்தனை வருஷம் இருக்கிறது என்று மட்டும் கேட்டார். எட்டு வருஷம் நாலு மாதம் என்றேன்.

பதில் வர ஏழு வாரம் ஆயிற்று. ஒரே பத்தி. தெரியப்படுத்தியதற்கு நன்றி. எங்கள் அளவுகளை மதிப்பீட்டிலிருந்து முழுவதுமாக விலக்கிக்கொண்டதாகவும் சோதனையை முடித்துக்கொள்ளலாம் என்றும் இருந்தது. என்னை அங்கிருந்து எடுத்து, பழைய காகிதங்கள் வைக்கும் பிரிவில் போட்டார்கள். ஸ்பிரிங்குகளைத் தளர்த்தி, ஒன்பது உருளைகளையும் வெளியே உருட்டினார்கள். சில நாளில் சைக்கிள் ஷெட் பக்கம் ஆட்கள் அவற்றின் மேல் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். பொட்டுகள் அப்படியே ஒட்டியிருந்தன. வெயிலில் மின்னும்.

அவர் மேல் இருந்த குற்றச்சாட்டை ரத்து செய்து ஒரு தாள் போட்டார்கள். அவர் அப்போது லீவில் இருந்தார், ஓய்வுக்கு இரண்டு மாதம் பாக்கி. நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்ரீரங்கம் போனேன். பதினைந்து வருஷப் பழக்கத்தில் அவர் வீட்டுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. அவர் மனைவி “வாங்கோ” என்று சொல்லி நாற்காலி போட்டு மோர் கொண்டுவந்து வைத்தார். அவர் ஊஞ்சலில் உட்கார்ந்து தாளை இரண்டு முறை படித்தார்.

“எதுக்கு ஓய் எழுதினீர்?”

“உங்க பேரு கெட்டுப் போச்சு சாமி. என்னால தாங்க முடியலை.”

“உம்மால தாங்க முடியலை. சரி.” தாளை மடித்தார். “அங்க அந்தச் சுவருக்கு இப்ப எந்த நம்பரை வச்சுக் கணக்குப் போடறா?”

வெளிநாட்டுப் புத்தகத்தில் இருப்பதை எடுத்துக்கொள்வார்கள் என்றேன்.

“நம்ம கல்லு, நம்ம மணல். பதினோரு வருஷம். அது இருக்கணும்னுதான் நான் சொன்னேன். கிடங்கு வாசல்ல அவன்கள் கேக்கறப்பல்லாம், கேளுங்கடா, ரெஜிஸ்டர் இருக்கு அங்கன்னு நினைச்சுப்பேன். அதையும் கொண்டுபோய்க் காவேரில விட்டுட்டீர். எனக்கு இந்தக் காகிதம் எதுக்கு?”

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எழுந்து வந்திருப்பேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழி நெடுக வாக்கியங்களைச் சேர்த்துக்கொண்டு போயிருந்தேன், ஆறு வாக்கியம். முதலாவதை ஆரம்பிப்பதற்குள் அவர் தாளை என் சட்டைப் பையில் செருகினார்.

“ஒண்ணு கேக்கறேன். அந்த ஏழு நாள் அதுங்கள்லாம் என்ன பண்ணிண்டிருந்துது?”

“அஞ்சு கோடு நீண்டிருக்கும் சாமி. ஏ.சி. வந்ததும் திரும்பியிருக்கும்.”

“யார் பார்த்தா?”

நான் மோரைக் குடிக்காமல் எழுந்தேன். அவர் ஊஞ்சலை விட்டு இறங்கவில்லை. அவர் மனைவிதான் வாசல் வரை வந்தார், வெயிலா இருக்கே, கொஞ்சம் இருந்துட்டுப் போகலாமே என்றார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டார்.

அதன் பிறகு இரண்டு மாதம் கிடங்குப் பக்கம் அவரைப் பார்த்தேன். என்னிடம் பேசவில்லை. ஓய்வு பெற்ற நாளில் எல்லாரிடமும் விடைபெற்றுக்கொண்டு வந்தார். என் மேஜைக்கு முந்தைய மேஜையோடு திரும்பிவிட்டார். அந்தத் தாள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

ஐந்து கோடு என்பது கணக்கு. ஒரு டிகிரிக்கு இவ்வளவு, நாலு டிகிரிக்கு இவ்வளவு. அதை நான் இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்த ஏழு நாளும் இரண்டு கதவுகளும் சாத்தியிருந்தன. உள்ளே இருந்தது அந்த ஒன்பதும், சாவி கொடுத்த பேனாவும்தான். பேனாவுக்கும் சூடு மட்டும்தான் தெரியும்.